டீச்சரைக் கேளுங்கள்: வார்சாவின் 63 நாட்கள்

போன மாத இதழில் போலந்தின் தலைநகரான வார்சாவில் உள்ள எழுச்சி அருங்காட்சியகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மகள் வேலை நிமித்தமாக அங்கே இருக்கிறாள். ஆகஸ்டில் அவளோடு மூன்று வாரம் தங்கியிருந்தபோது அந்த இடத்துக்கு மூன்று முறை போனேன். அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழு இடத்தையும் வார்சாவுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: டீச்சர், வார்சா எழுச்சி என்பது ஹிட்லர் காலத்தில் யூதர்கள் நடத்தியதுதானே? அப்படித்தான் படித்த ஞாபகம்.
— வாசகர், விழுப்புரம்

இல்லை ஐயா. ஒரே நகரத்தில் இரண்டு எழுச்சிகள் நடந்தன. பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மாணவர்களிலும் அப்படி எழுதியவர்கள் உண்டு.

முதலாவது, 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கியது. யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருந்த பகுதிக்குள், மிச்சமிருந்தவர்களையும் கொலை முகாமுக்கு ஏற்றிச்செல்ல ஜெர்மானியர் நுழைந்தபோது, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பகுதியே தரைமட்டமானது.

இரண்டாவது, 1944 ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்குத் தொடங்கியது. இது நகரம் முழுவதும் பரவியது. நடத்தியது 'தாயகப் படை'. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபின் லண்டனிலிருந்து இயங்கிய போலந்து அரசுக்குக் கட்டுப்பட்ட தலைமறைவுப் படை அது. கிழக்கிலிருந்து சோவியத் படைகள் விஸ்துலா ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் வருமுன் தலைநகரைத் தாங்களே விடுவித்துவிட வேண்டும் என்பது திட்டம். சில நாட்களில் முடியும் என்று எண்ணியது 63 நாட்கள் நீண்டு, அக்டோபர் 2 அன்று சரணடைவில் முடிந்தது. போராளிகளில் ஏறத்தாழ 16,000 முதல் 18,000 பேரும், பொதுமக்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களும் மாண்டார்கள்.

இரண்டிலும் போரிட்டவர்களும் இருக்கிறார்கள். யூத எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான மாரெக் எடெல்மன் 1944-லும் துப்பாக்கி எடுத்தார். ஆகஸ்ட் 5 அன்று தாயகப் படையின் ஒரு பிரிவு கெட்டோ எனப்பட்ட அந்த யூதப் பகுதியின் இடிபாடுகளில் இருந்த ஜெர்மானிய முகாமைத் தாக்கி 348 யூதக் கைதிகளை மீட்டது. அவர்களில் பலர் கோடு போட்ட கைதி உடையோடே போரில் சேர்ந்துகொண்டார்கள்.

கே: அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கியும் சீருடையும் இருக்கும். 'நினைவுகளைப் பாதுகாக்கும் இடம்' என்று எழுதியிருந்தீர்களே, நினைவை எப்படிக் காட்சிக்கு வைப்பார்கள்?
— வாசகி, கும்பகோணம்

நல்ல கேள்வி அம்மா. வாசலிலிருந்தே சொல்கிறேன், என்னோடு நடந்து வாருங்கள்.

வோலா என்ற பகுதியில், ஒரு காலத்தில் டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் தந்த பழைய செங்கல் மின்நிலையம்தான் கட்டடம். மேலே கோபுரத்தில் ஒரு நங்கூரச் சின்னம். 'பி', 'டபிள்யூ' என்ற இரண்டு எழுத்துகளைப் பின்னிச் செய்த நங்கூரம் அது. போலிஷ் மொழியில் 'போராடும் போலந்து' என்பதன் சுருக்கம். ஜெர்மானியர் காலத்தில் இதைச் சுவரில் வரைந்து பிடிபட்டால் உயிர் போகும். அப்படியும் பையன்கள் வரைந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் பழைய காலத்துக் கறுப்புத் தொலைபேசிகள். ரிசீவரைக் காதில் வைத்தால் ஒரு முதியவர் பேசுகிறார். எழுச்சியில் போரிட்டவரின் சொந்தக் குரல். எனக்குப் போலிஷ் மொழி தெரியாது. மகள் பக்கத்தில் நின்று காதோடு காதாக மொழிபெயர்த்தாள். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. இருமல் புரிந்தது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் நிறுத்துவது புரிந்தது. ஓரிடத்தில் மகளே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

கட்டடத்தின் நடுவே, எல்லாத் தளங்களையும் துளைத்துக்கொண்டு மேலேறும் ஓர் உருக்குச் சுவர் இருக்கிறது. குண்டு துளைத்த ஓட்டைகள் நிறைந்த சுவர். அதிலிருந்து இதயத் துடிப்பு ஒன்று கட்டடம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டையில் காதை வைத்தால் உள்ளே தெருச் சண்டை, பிரார்த்தனை, பாட்டு. குழந்தைகளும் காதை வைக்கிறார்கள், தடி ஊன்றி வந்த பெரியவர்களும் காதை வைக்கிறார்கள். வீட்டில் சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பது போல உடம்பைச் சாய்த்து நிற்கிறார்கள்.

பாதாளச் சாக்கடையின் மாதிரி ஒன்றும் உண்டு. குனிந்து, இருட்டில், செங்கல்லைத் தடவியபடி கடக்க வேண்டும். அதில் தண்ணீர் இல்லை, நாற்றம் இல்லை. நிஜத்தில் இரண்டும் இருந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் பழைய நகரம் விழும் நிலைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான போராளிகள் கிராஸின்ஸ்கி சதுக்கத்தில் ஒரு மூடி வழியே இறங்கி நகர மையத்துக்குத் தப்பினார்கள். இரண்டு கிலோமீட்டரைக்கூட எட்டாத தூரம். கடக்கப் பல மணி நேரம் ஆனது. விளக்கு கூடாது, பேச்சு கூடாது. முன்னால் போகிறவரின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மேலே மூடியருகே ஜெர்மானியர் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்தால் கையெறி குண்டை உள்ளே போடுவார்கள். நான் மாதிரிச் சாக்கடையில் இருபது அடி நடப்பதற்குள் மூட்டுவலியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு பள்ளி மாணவி என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். வெளியே வரும்வரை இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆங்காங்கே சுவர்களில் தினக்காலண்டர் தாள்கள் மாட்டியிருக்கின்றன. எழுச்சியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். அன்று என்ன நடந்தது என்று அதில் அச்சிட்டிருக்கும். கிழித்து எடுத்துக்கொள்ளலாம். நான் ஆகஸ்ட் 13-ஐ எடுத்துவந்தேன். காரணம் கீழே வருகிறது.

கே: 60 வருடம் கழித்து 80 வயதுக்காரர் சொல்வதை வரலாறு என்று எப்படி எடுத்துக்கொள்வது? என் அப்பாவே ஒரே சம்பவத்தை மூன்று விதமாகச் சொல்கிறார்.
— வாசகர், ஈரோடு

உங்கள் அப்பா மூன்று விதமாகச் சொல்வதில் மூன்றிலும் மாறாமல் வருவது எது என்று கவனித்தீர்களா? அதைக் குறித்துவையுங்கள்.

தேதியும் எண்ணிக்கையும் முதியவர் நினைவில் வழுக்கும். அதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. படையணிப் பட்டியல், அன்றன்று அச்சான செய்தித்தாள், ஜெர்மானியரின் சொந்தக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. எந்தக் கோப்பிலும் இல்லாத சில விஷயங்களை மனிதர்தான் சொல்ல முடியும். வார்சா அருங்காட்சியகத்தின் வாய்மொழி வரலாற்றுக் காப்பகத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் பேச்சு பதிவாகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் எழுத்தாகவும் மாற்றி இணையத்தில் எல்லோரும் படிக்க வைத்திருக்கிறார்கள். பேசியவரின் பெயர், அவருடைய புனைபெயர், படைப் பிரிவு, போரிட்ட பகுதி எல்லாம் மேலே இருக்கும். ஒரே தெருவைப் பற்றி பலர் பேசியிருக்கிறார்கள். அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒருவரின் மறதியை இன்னொருவரின் நினைவு திருத்திவிடுகிறது.

புனைபெயர் என்றேன். எல்லாப் போராளிகளுக்கும் ஒன்று இருந்தது. பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானாலும் தோழனின் உண்மைப் பெயர் வாயில் வரக் கூடாது, தெரிந்தால்தானே வரும்! அதனால் பக்கத்தில் படுத்துறங்கியவனின் பெயரே தெரியாமல் அவனைப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் 156 மீட்டர் நீளச் சுவரில் மாண்ட போராளிகள் 10,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவுகளில் என்னை அசைத்தது கேள்விகள்தான். பேட்டி எடுப்பவர் எடுத்த எடுப்பில் சண்டையைக் கேட்பதில்லை. போருக்கு முன் எந்தத் தெருவில் வசித்தீர்கள், வீட்டில் யார் யார், எந்தப் பள்ளி என்றுதான் தொடங்குகிறார். பிறகு ஜெர்மானியர் வந்த காலம். அதன் பிறகே ஆகஸ்ட் 1. கடைசியில் முகாம், திரும்பி வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது, ஆயிரமாயிரம் பேரோடு மலையும் காடும் நடந்தே ஊர் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் யாரும் இலையில் ஒரு பருக்கை மீதம் வைக்கக் கூடாது. எனக்குப் பதினான்கு வயதில், பள்ளியில் உலகப் போர் பாடம் நடந்த அன்று, ஓடிப்போய் அவரிடம் கேட்டேன்: "வழியில் எத்தனை பேர் செத்தார்கள் தாத்தா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரங்கூனில் எந்தத் தெரு தாத்தா, அங்கே காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இது 60 வயதைத் தாண்டி, அயல்நாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் நின்றுதான் எனக்குப் புரிந்தது.

கே: 63 நாட்கள் முற்றுகையில் இருந்த நகரம் எதைச் சாப்பிட்டது?
— இல்லத்தரசி, மதுரை

பார்லி.

அருங்காட்சியகம் இருக்கும் அதே கிஷிபோவ்ஸ்கா தெருப் பக்கத்தில் அப்போது ஹாபர்புஷ் என்ற பெரிய மதுபான ஆலை இருந்தது. பீர் காய்ச்சுவதற்காக மூட்டை மூட்டையாக வாற்கோதுமை குவித்து வைத்திருந்தார்கள். மற்ற கிடங்குகள் எரிந்தும் கைவிட்டும் போனபின் இதுதான் நகர மையத்தின் களஞ்சியம். போராளிகளும் பொதுமக்களும் வரிசையாக மூட்டை சுமந்து, பள்ளங்கள் வழியாகவும் தகர்த்த சுவர்கள் வழியாகவும் குண்டு மழையில் கொண்டுபோனார்கள். மாவு அரைக்க வசதியில்லை; காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் இட்டு அரைத்தார்கள். உமி போகாது. அதை வேகவைத்துக் கஞ்சியாகக் குடிக்கும்போது உமியைத் துப்பித் துப்பித்தான் விழுங்க வேண்டும். அதனால் அந்தக் கஞ்சிக்கே 'துப்பு சூப்' என்று பெயர் வந்துவிட்டது. போராளிகளின் நினைவுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

குழாயில் தண்ணீர் நின்ற பிறகு முற்றங்களில் கிணறு தோண்டினார்கள். வாளியோடு வரிசையில் நின்றவர்கள் மீதும் குண்டு விழுந்தது.

கே: பெண்கள் என்ன செய்தார்கள்? மருத்துவப் பணி மட்டும்தானா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

மருத்துவப் பணியை 'மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள் மகளே. மயக்க மருந்து தீர்ந்துபோன நிலவறையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காயம் கட்டியவர்களின் பதிவுகளைப் படியுங்கள். அந்தச் சொல்லை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

செய்தி கொண்டு ஓடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சாக்கடை வழிகளை மனப்பாடமாக வைத்திருந்து வழிகாட்டியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். நான்கு அடி உயரம்கூட இல்லாத குழாய்களில் சிறிய உடம்புதான் புகும். வெடிமருந்து சுமந்தார்கள், செய்தித்தாள் அச்சிட்டார்கள், துப்பாக்கியும் எடுத்தார்கள்.

சரணடைவு ஒப்பந்தத்தில் தாயகப் படையினருக்குப் போர்க்கைதிகள் என்ற தகுதி கிடைத்தது. பெண்களுக்கும் கிடைத்தது, அதுதான் பெரிய விஷயம். அவர்களில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மனியில் ஓபர்லாங்கன் என்ற முகாமில் அடைபட்டார்கள். சதுப்பு நிலத்தில் மரக்கொட்டகைகள், குளிர்காலம். கர்ப்பிணிகளும் இருந்தார்கள், குழந்தைகள் அங்கேயே பிறந்தன. 1945 ஏப்ரல் 12 அன்று அந்த முகாமின் கதவை உடைத்துக்கொண்டு நேச நாட்டுப் படை ஒன்று உள்ளே வந்தது. வந்த சிப்பாய்கள் பேசியது போலிஷ் மொழி. ஜெனரல் மச்செக்கின் போலந்துக் கவசப் படை அது. நாட்டை விட்டு வெளியேறி, பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து வழியாகப் போரிட்டு வந்தவர்கள், தங்கள் தலைநகரின் பெண்களை ஜெர்மனியின் ஒரு மூலையில் கண்டார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே வாய்மொழிப் பதிவுகளை நான் கும்பிடுகிறேன்.

கே: எழுச்சி 1944-இல், அருங்காட்சியகம் 2004-இல் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் இவ்வளவு தாமதம்?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருநெல்வேலி

பேச விடவில்லை ஐயா.

போருக்குப் பின் சோவியத் ஆதரவில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. தாயகப் படை லண்டன் அரசின் படை, ஆகவே எதிரி. 1945-இல் ஒட்டிய சுவரொட்டி ஒன்றில் தாயகப் படையை எச்சில் வழியும் குள்ளனாக வரைந்திருந்தார்கள். பலரைச் சிறையிலிட்டார்கள், சிலரைக் கொன்றார்கள். ஜெர்மானியரின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குள் தானாகவே போய்ச் செய்தி அனுப்பிய விடோல்டு பிலெட்ஸ்கி வார்சா எழுச்சியிலும் போரிட்டவர். ஜெர்மானியரிடம் தப்பிய அவரை 1948 மே 25 அன்று சொந்த நாட்டுச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள்.

மறுபக்கம் இன்னொரு சங்கடம். 1944-இல் சோவியத் படை விஸ்துலாவின் மறுகரைக்கு வந்தும் நின்றது. உதவிப் பொருள் போடும் மேற்கத்திய விமானங்கள் தன் பகுதியில் இறங்க ஸ்டாலின் செப்டம்பர்வரை அனுமதி தரவில்லை. இத்தாலியிலிருந்து கிளம்பிய போலந்து, பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க விமானிகள் போகவும் வரவும் ஒரே மூச்சில் பறக்க வேண்டியிருந்தது, பலர் திரும்பவில்லை. அவர்கள் ஓட்டிய லிபரேட்டர் என்ற வகை விமானம் ஒன்றின் முழு அளவு மாதிரி அருங்காட்சியகக் கூடத்தில் தொங்குகிறது. இதையெல்லாம் சொல்லாமல் எழுச்சியைச் சொல்ல முடியாது. சொன்னால் மாஸ்கோவுக்குப் பிடிக்காது. ஆகவே எழுச்சிக்கென்று வார்சாவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழவே 1989 ஆகஸ்ட் 1 ஆனது. அது நிற்கும் இடம் கிராஸின்ஸ்கி சதுக்கம். அந்தச் சாக்கடை மூடி இருந்த அதே இடம்.

அதுவரை குடும்பங்கள் என்ன செய்தன? ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போனார்கள். அதை எந்த அரசாலும் நிறுத்த முடியவில்லை.

அருங்காட்சியகப் பேச்சு 1980-களிலேயே எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான லேஹ் காச்சின்ஸ்கி வார்சா மேயராக இருந்தபோதுதான் வேலை விரட்டி முடிக்கப்பட்டது. 2004 ஜூலை 31, அதாவது 60-ஆம் ஆண்டுக்கு முந்தைய நாள், கதவு திறந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுச்சியில் 15 வயதுப் பையனாக ஓடியவருக்கு அன்று 75 வயது. 25 வயதில் தளபதியாக இருந்தவருக்கு 85. இன்னும் பத்து ஆண்டு போயிருந்தால் அந்தத் தொலைபேசிகளில் பேச எத்தனை குரல் மிஞ்சியிருக்கும்?

கே: தோற்கும் என்று தெரிந்து இளைஞர்களைப் பலிகொடுத்தார்கள் என்று நான் படித்தேன். அருங்காட்சியகம் அதை மறைக்கிறதா?
— வாசகர், தருமபுரி

தோற்கும் என்று தெரிந்து தொடங்கவில்லை. ஆனால் தொடங்கியது சரியா என்ற சண்டை போலந்தில் இன்றும் ஓயவில்லை. 1944 ஜூலை 31 மாலை தாயகப் படைத் தளபதி பூர்-கொமொரோவ்ஸ்கி உத்தரவு தந்தார். சோவியத் டாங்குகள் ஆற்றின் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டன என்று அன்று வந்த செய்திதான் அவசரத்துக்குக் காரணம். அந்தச் செய்தியோ நிலைமையை மிகைப்படுத்தியது. பெரும்பாலான போராளிகளிடம் அப்போது துப்பாக்கியே இல்லை. இத்தாலியில் போரிட்டுக்கொண்டிருந்த ஜெனரல் அண்டர்ஸ், போலந்துப் படைத்தலைவர், இந்த முடிவைக் குற்றம் என்றே கண்டித்தார்.

என் கருத்தைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அருங்காட்சியகம் போராளியின் பக்கம் நிற்கிறது. அதை ஒளிக்கவும் இல்லை. அவர்களுக்காகவே கட்டிய வீடு அது. ஆனால் அது நிற்கும் மண் வோலா. ஆகஸ்ட் 5 தொடங்கிச் சில நாட்களில் இந்தப் பகுதியில் மட்டும் 40,000 பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். வீடு வீடாக இழுத்து வந்து, கிழவர், குழந்தை என்று பாராமல் சுட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கியும் இல்லை, போராளிகள் அணிந்த வெள்ளை–சிவப்புக் கைப்பட்டையும் இல்லை. அவர்களுக்கு இன்னும் பெரிய அறை வேண்டும் என்று நான் வருகையாளர் புத்தகத்தில் தமிழில் எழுதிவிட்டு, கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். முடிவெடுத்த தளபதிகளை எவ்வளவு வேண்டுமானாலும் விசாரியுங்கள். 17 வயதில் ஓடிய பெண்ணிடம் 'உனக்கு அறிவில்லையா' என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. அவள் ஐந்து ஆண்டுகள் தெருவில் ஆள்பிடிப்பையும் சுவரோரச் சுடுதல்களையும் பார்த்து வளர்ந்தவள்.

கே: சிறுவர்களுக்கென்று அங்கே ஓர் அறை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். போரை விளையாட்டாக்குவது சரியா?
— இரண்டு குழந்தைகளின் தாய், சேலம்

எனக்கும் உள்ளே போகும்போது நெஞ்சு கனத்தது. வாசலில் பெரியவர் தொப்பியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நிற்கும் சிறுவன் சிலையின் நகல் இருக்கிறது. அசல், பழைய நகர மதிலோரம் 1983 முதல் நிற்கிறது. அந்தத் தொப்பி கண்ணை மறைக்கிறது. அதைப் பார்த்துப் பெருமைப்பட என்னால் முடியவில்லை. 34 ஆண்டுகள் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் நான்.

ஆனால் அறைக்குள் பிள்ளைகள் அதிகம் கூடும் இடம் தபால் நிலையம். அது எழுச்சியில் நிஜமாகவே நடந்தது. ஆகஸ்ட் 6 முதல் சாரணர் இயக்கத்துச் சிறுவர்கள் களத் தபால் நடத்தினார்கள். 12 முதல் 14 வயதுப் பையன்கள்தான் தபால்காரர்கள். ஒரு கடிதத்தில் 25 சொற்களுக்கு மேல் கூடாது. சண்டை விவரம் கூடாது. கட்டணம் இல்லை. ஒரு தெருவில் பிள்ளை, நான்கு தெரு தள்ளித் தாய். நடுவே துப்பாக்கிச் சூடு. அந்த நிலையில் 25 சொற்களில் என்ன எழுதுவார்கள்? உயிரோடு இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய், தம்பி எங்கே. அவ்வளவுதான் பெரும்பாலும். உங்கள் பிள்ளைகளை 25 சொற்களில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள் அம்மா. என் பேத்தி எழுதினாள். நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கே: அந்த ஆகஸ்ட் 13?
— வாசகர், காரைக்குடி (போன மாதக் கட்டுரையில் அந்தத் தேதியைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள்!)

1944 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. நகர மையத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை காயம்பட்ட கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்; மணப்பெண்ணும் எழுச்சியில் பணிசெய்தவர். அதைப் படமெடுத்தவர் யூஜெனியுஷ் லோகாய்ஸ்கி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் போலந்துக்காக ஈட்டி எறிந்த வீரர். எழுச்சியில் துப்பாக்கியோடு கேமராவும் தூக்கியவர். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அதே நாள் மாலை, பழைய நகரத்தில், ஜெர்மானியர் விட்டுச்சென்ற சிறிய கவச வண்டி ஒன்றை வெற்றிக் களிப்போடு மக்கள் தெருவழியே இழுத்துவந்தார்கள். அதில் வெடிமருந்து இருந்தது யாருக்கும் தெரியவில்லை. கிலின்ஸ்கி தெருவில் அது வெடித்தது. 300-க்கும் மேற்பட்டவர்கள் அந்த இடத்திலேயே போனார்கள். வேடிக்கை பார்க்க ஓடிவந்த குழந்தைகள் நிறைய.

லோகாய்ஸ்கியும் பிழைக்கவில்லை. செப்டம்பர் 25 அன்று குண்டு விழுந்த கட்டட இடிபாட்டில் புதைந்தார். படங்கள் பிழைத்தன.

கே: நமக்கும் போலந்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா டீச்சர்?
— பள்ளி மாணவர், திருவண்ணாமலை

உங்கள் ஊரிலேயே உண்டு தம்பி. வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1930-களில் இந்தியா வந்தவர். ரமணாசிரமத்தில் உமாதேவி என்றால் தெரியும். வார்சா எரிந்த அதே 1944-இல் அவர் சென்னையில் இந்திய–போலந்து நூலகம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். நாடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நாளில், சென்னை அச்சகத்தில் போலிஷ் மொழிப் புத்தகங்கள்! குஜராத்தில் ஜாம்நகர் மகாராஜா 1942-இல் போலந்துக் குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்தார். வார்சாவில் 'நல்ல மகாராஜா' சதுக்கம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. நான் அங்கே போய் உட்கார்ந்து மகளோடு புளியோதரை சாப்பிட்டேன்.

கே: எப்போது போனால் நல்லது?
— வாசகி, பெங்களூரு

ஆகஸ்ட் 1. மாலை 5 மணிக்குச் சங்கு ஊதும். பஸ், டிராம், கார் எல்லாம் நடுச்சாலையில் நின்றுவிடும், மனிதர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அன்று நகரின் இடிபாட்டுக் கற்களாலேயே குவித்த மேட்டில் நெருப்பு ஏற்றி, 63 நாட்கள் அணையாமல் காக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு ரோண்டோ தாஷின்ஸ்கெகோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வாரத்தில் அது மூடியிருக்கும் நாள் எது என்று பார்த்துக்கொண்டு போங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் கொள்ளுப்பாட்டிக்கு 93 வயது. அவரும் பர்மாவிலிருந்து குழந்தையாக நடந்து வந்தவராம். கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு' என்கிறார். எப்படிக் கேட்பது?
— பிளஸ் டூ மாணவி, இராமநாதபுரம்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இன்றைக்கே தொடங்குங்கள் கண்ணு. காலையில், சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யப் போவதை முதலில் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், அரை மணி போதும். அங்கே வீடு எப்படி இருந்தது பாட்டி, திண்ணை இருந்ததா, பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள். கிளம்பிய அன்று அம்மா கையில் என்ன எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள். காலில் செருப்பு இருந்ததா என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் பேசாமல் இருங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்க வேண்டாம்.

முதல் பதிவு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பாட்டி நடந்தது எந்த வழி என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் தாத்தா எந்த வழியாக வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.